கப்பல் வண்டியும் பதினேழாம் நம்பர் பஞ்சும்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கவில்லை. டோல்கேட் பக்கம் தமீமின் மெக்கானிக் ஷெட்டில் என் ஸ்கூட்டருக்குப் பிரேக் கேபிள் மாட்டக் காத்திருந்தபோது, அது ஒரு மஞ்சள் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சேஃப்டி ஷூ போட்ட இரண்டு கால்கள்தான். அடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சிரிப்பு, முதலாவதைவிடப் பெரிது. அப்புறம் பத்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கால்கள் அசையவும் இல்லை.

அந்த வேனை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. (இந்த வாக்கியத்தின் கீழ் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

இதுவரை எழுதி அடித்த தொடக்கங்கள்:

‘உலகமயமாக்கலின் பேரலைகள் எண்ணூர்க் கரையை மோதியபோது’ — வேண்டாம். தலையங்க வாடை.

‘எபினேசர் பிறந்த அன்று’ — அவன் பிறந்தது யாருக்கு வேண்டும்?

‘இந்தியன் இந்திய வண்டியைத்தான் வாங்க வேண்டும் என்று எபினேசர் சொன்னபோது அவன் மனைவி தேவகிருபை வெங்காயம் உரித்துக்கொண்’ — இதுவும் வேண்டாம். கதையில் வருகிற மனைவி என்றால் கையில் வெங்காயத்தைக் கொடுத்துவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. தேவகிருபை வேன் ஓட்டுகிறவள்.

2

எபினேசருக்கு நாற்பத்து நான்கு வயது. திருவொற்றியூரில் லாரிக்கும் வேனுக்கும் அடியில் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை செய்கிற ஒரு தொழிற்சாலையில் (பெயர் சொல்ல மாட்டேன்; அவர்களிடம் வக்கீல் இருக்கிறார், என்னிடம் இல்லை) இன்ஸ்பெக்டர் வேலை. உலையில் பழுத்து, எண்ணெயில் முங்கி, மறுபடி சூடேறி வெளியே வருகிற பட்டைகளைச் சோதித்து, சரி என்றால் தன் பஞ்சால், அதாவது சுத்தியலால் அடித்துப் பதிக்கிற இரும்பு அச்சால், நம்பர் அடிக்க வேண்டும். ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு நம்பர். இவனுடையது பதினேழு. அந்தப் பஞ்ச் ஒருமுறை கை தவறிக் கான்கிரீட்டில் விழுந்ததில் ஏழின் கால் நுனி உடைந்துபோனது. புதுசு தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டான். நொண்டி ஏழு உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் என்று அவனுக்கு ஒரு பெருமை.

இரும்பின் கடினத்தை அளக்க மெஷின் இருக்கிறது. எபினேசர் அதை முழுசாக நம்புகிறவனில்லை. பட்டையைக் கொக்கியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவான். கணீர் என்றால் பஞ்ச் விழும். டொக் என்றால் பட்டை ஓரம் போகும். சர்ச் பாடகர் குழுவில் இருபது வருஷம் பாடிய காது அது. மெஷின் சரி என்று சொன்னதை இவன் தள்ளி, அறுத்துப் பார்த்தபோது உள்ளே விரிசல் இருந்த கதை அங்கே இன்னமும் ஓடுகிறது.

தேவகிருபை, சடையங்குப்பத்திலிருந்தும் வழியிலும் பதினாலு பிள்ளைகளை ஏற்றித் திருவொற்றியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இறக்குகிற வேனின் முதலாளி, டிரைவர், கிளீனர், சில நாள் ஆயா. அவளுடைய பழைய டீசல் வேன் இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் வெள்ளத்தில் முங்கி எழுந்ததிலிருந்து இருமிக்கொண்டே இருந்தது. போன ஜூனில் எர்ணாவூர் மேம்பாலத்து ஏற்றத்தில், முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள் ஹார்ன் அடிக்க, ஒரேயடியாக நின்றுவிட்டது.

வேறு வண்டி வாங்கியாக வேண்டும். எதிரே இரண்டு இருந்தன. ஒன்று நம் ஊர்த் தொழிற்சாலையில் செய்கிற டீசல் வேன். இன்னொன்று கிழக்கே ஒரு நாட்டில் முழுசாகச் செய்து, கப்பலில் ஏற்றி, எண்ணூரில் இறக்கிய பேட்டரி வேன். தெருவில் அதற்குக் கப்பல் வண்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சர்ச்சில் ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடிந்த காதல் அவர்களுடையது. அதனால் வீட்டுக்குள் இரண்டு பேரும் ‘நீ’தான்.

“எங்க பட்டை போட்ட வண்டிய வுட்டுட்டு எவனோ செஞ்சத வாங்குனா, நாளிக்கு கம்பெனி கேட்டாண்ட நான் எப்டி தல நிமுந்து போறது?”

“நீ தல நிமுந்து போறதுக்கு என் புள்ளைங்க டீசல் பொகயில வாந்தி எடுக்கணுமா?”

“நம்ப ஊர்க்காரன் செஞ்சத நம்பளே வாங்கலன்னா வேற எவன் வாங்குவான்?”

“உன் ஊர் வண்டிக்கு உள்ள கீற கம்ப்யூட்டர் பொட்டி எந்த ஊர்து? கப்பல்ல வரணும், ரெண்டு மாசம் ஆவும்னு ஷோரூம்காரனே சொல்றான். அத்த மட்டும் சொல்ல மாட்டியே.”

“அதுக்குன்னு?”

“அதுக்குன்னு ஒண்ணுமில்ல. ஓட்றவ நானு. பொகையும் இல்ல, சத்தமும் இல்ல. கடைசி சீட்டுல புள்ள அழுதா எனக்கு முன்னாடி கேக்கும். அது போதும்.”

கப்பல் வண்டி வந்தது. எபினேசர் ஒரு வாரம் அதில் ஏறவில்லை.

3

[இங்கே ஒரு கட்டுரை எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸ் குமாஸ்தா. கப்பலில் வருகிற, போகிற சரக்குக்குக் காகிதம் எழுதுவது என் பிழைப்பு. அந்தக் காகிதத்தில் ‘சரக்கு உற்பத்தியான நாடு’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரே ஒரு பெயர் எழுதுகிற அளவுக்குத்தான் அதில் இடம். ஒரு வண்டியின் கண்ணாடி ஒரு நாடு, ஒயர் ஒரு நாடு, பேட்டரிக்குள் இருக்கிற உப்பு இன்னொரு கண்டம். பதினெட்டு வருஷமாக அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு நாட்டின் பெயரைக் கூச்சமில்லாமல் எழுதி வருகிறேன். உள்நாட்டு வண்டியா, வெளிநாட்டு வண்டியா என்று டீக்கடையில் யாராவது மேஜையைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டம்தான் ஞாபகம் வரும்.

இதற்குமேல் எழுதினால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.]

எபினேசரின் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் பட்டை போட்ட வண்டி கேட்டுக்கு உள்ளே, வேப்பமர நிழலில் நிற்கலாம். மற்ற வண்டிகள் வெளியே, டீக்கடை தாண்டி, லாரிகள் கிளப்புகிற புழுதியில்தான். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். செக்யூரிட்டி சவரிநாதன் குனிந்து பின் சக்கரத்துக்கு மேலே பார்த்து ‘உள்ள’ அல்லது ‘வெளிய’ என்பார். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

ஆயுத பூஜைக்கு அங்கே எல்லா மதத்துக் குடும்பமும் வரும். தேவகிருபையும் வேனைக் கழுவி, மாலை போட்டு, கேட்டு வரைக்கும் கொண்டுவந்தாள்.

“கப்பல் வண்டி வெளியதாம்மா,” என்றார் சவரிநாதன்.

“குனிஞ்சி பாத்தியாண்ணே?”

“பாக்க இன்னா கீது? வண்டி மூஞ்சிலயே எய்தி கீதே.”

வரிசையில் நின்ற குடும்பங்கள் சிரித்தன. எபினேசரும் அங்கே இருந்தான். அவனும் சிரித்ததுதான் தப்பு. அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை.

“நீயே குனிஞ்சி பாரு. உங்க பட்டை இல்லன்னா நான் வாயத் தொறக்கல. கீதுன்னா, அந்த ஆளு வந்து எனக்கு கேட்டத் தொறந்து வுடணும்.”

அடுத்த சனிக்கிழமை காலை அவன் வேனைத் தமீமின் ஷெட்டுக்கு எடுத்துவந்து அடியில் படுத்தான். ஸ்கூட்டரோடு நானும் அங்கே இருந்தேன்.

4

(இனி நான் வாயை மூடிக்கொண்டு அவனோடு வண்டிக்கு அடியில் போகிறேன்.)

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எபினேசர் பின் சக்கரத்துப் பக்கம் நகர்ந்தான். பட்டைமேல் சேறு காய்ந்து ஓடு கட்டியிருந்தது. பழந்துணியால் துடைத்தான். பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிகிற புது மாதிரி. பார்த்த வளைவாக இருக்கிறதே என்று இன்னும் துடைத்தான். கம்பெனியின் முக்கோண முத்திரை தெரிந்தது. முதல் சிரிப்பு அப்போதுதான்.

“தமீமு! நம்ப பட்டை மாமு!”

“மெய்யாலுமா? இங்க செஞ்சி, கப்பல்ல போயி, அங்க மாட்டிகினு, திரும்பி இங்கயே வந்துகினு கீதா? ஹஜ்ஜுக்குப் போன ஆளுகூட இவ்ளோ சுத்த மாட்டான்பா!”

சவரிநாதன் கேட்டைத் திறக்கிற காட்சி அவன் கண்ணில் வந்தது. தேவகிருபை கண்ணாடியை இறக்கி அவரைப் பார்க்கப்போகிற பார்வையும் வந்தது. முத்திரைக்குப் பக்கத்தில் விரலால் தேய்த்தான். ஒன்று. ஏழு. ஏழின் கால் நொண்டி.

இரண்டாவது சிரிப்பு. தன் கை அடித்தது. தன் மனைவியின் வண்டியைத் தானே தாங்கிக்கொண்டிருப்பதுபோல் அவனுக்குப் பூரித்துவிட்டது. அவளிடம் இதை எப்படிச் சொல்வது, உடனே சொல்லிவிடுவதா, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லார் முன்னாலும் சொல்வதா என்றுகூட யோசித்துவிட்டான்.

பஞ்சுக்குக் கீழே இன்னொரு நம்பர் இருக்கும். எந்தச் சூட்டில் (ஒரே தடவையில் உலைக்குள் போய் வருகிற மொத்தப் பட்டைகளுக்கும் அங்கே அதுதான் பெயர்) அந்தப் பட்டை உலையிலிருந்து வந்தது என்று காட்டுகிற நம்பர். சும்மாதான் துடைத்தான்.

நானூற்றுப் பன்னிரண்டு.

டார்ச் வாயிலிருந்து நழுவி மார்பில் விழுந்தது. அடுத்த பக்கத்துப் பட்டைக்கு ஊர்ந்து போனான். அங்கேயும் நொண்டிப் பதினேழு, அங்கேயும் நானூற்றுப் பன்னிரண்டு.

5

நானூற்றுப் பன்னிரண்டு என்றால் என்ன? அந்த டிசம்பர்.

புயல் நாளைக்கு என்றார்கள், மழை இன்றைக்கே வந்துவிட்டது. காலை பதினோரு மணிக்குத் தொழிற்சாலையில் கரன்ட் போய்ப் போய் வந்தது. உலைக்குள் இருநூற்று நாற்பது பட்டைகள். வெப்பம் எவ்வளவு நேரம் இறங்கியிருந்தது, எந்தப் பட்டைக்குள் விரிசல் விழுந்திருக்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இப்படி ஆனால் அந்தச் சூட்டை அப்படியே நிறுத்திவைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மறுபடி சோதிக்க வேண்டும். இது எபினேசரே புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஆனால் புயலுக்காகத் துறைமுகத்தை மூடப்போகிறார்கள், கன்டெய்னர் மூன்று மணிக்குள் உள்ளே போயாக வேண்டும்.

அப்போதுதான் தேவகிருபையின் போன் வந்தது. மணலி பக்கத்திலிருந்து தண்ணீர் ஏறுகிறது, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதால் பிள்ளைகளோடு திரும்பிய வேன் சடையங்குப்பத்துக்குள் நுழைகிற இடத்தில் நின்றுவிட்டது, கதவு வரைக்கும் தண்ணீர், உள்ளே இன்னும் ஆறு பிள்ளைகள். பேசும்போதே லைன் அறுந்துபோனது.

சூப்பர்வைசர் ஜெகதீசன் ஒன்றும் கொடுமைக்காரரில்லை. அவரும் பதறித்தான் போனார்.

“எபி, நீ தட்டி முடிக்கிறதுக்குள்ள அங்க இன்னா ஆவுமோ. மெஷின்ல நாலு போட்டுப் பாத்தாச்சு, நாலும் ஓகே. உன் பஞ்ச போட்டுட்டு கெளம்புப்பா. நான் பாத்துக்கறேன்.”

இருநூற்று நாற்பது முறை அவன் சுத்தியல் பஞ்சின்மேல் விழுந்தது. ஒருமுறைகூடப் பட்டையின்மேல் விழவில்லை. அப்புறம் மார்பளவுத் தண்ணீரில் ஓடினான். ஆறு பிள்ளைகளையும் அவளையும் வேன் கூரையிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி ஒரு மாடி வீட்டில் ஏற்றினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுததில் அவனுக்குப் பட்டை ஞாபகமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. அதற்குள் கப்பல் போய்விட்டிருந்தது.

(இது ரொம்ப வசதியான தற்செயல் என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அவளைக் காப்பாற்ற ஓடியபோது விட்ட தப்பு, அவள் வண்டிக்கு அடியிலேயே வந்து உட்காருமா? நானும் சுளித்தேன். யாராவது இதைக் கதையாக எழுதி என்னிடம் காட்டியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் இங்கிருந்து பட்டை போகிற துறைமுகமும் அங்கிருந்து வேன் வருகிற துறைமுகமும் ஒன்றுதான். அந்தச் சூட்டில் மட்டும் நூற்றிருபது வேனுக்குப் பட்டை போயிருக்கிறது. அதில் ஒன்று திரும்பிவந்தது.)

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்த எபினேசர், தமீமைக் கடந்து நடந்தான். என் பக்கத்தில் காலி எண்ணெய் டிரம்மின்மேல் உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்து நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். டீ ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான். நான் அவனுக்கு யாரோ. அதனால்தான் சொன்னான்.

6

பட்டையை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அவனும் அப்படித்தான் நினைத்தான். சத்தம் வருகிறது என்று பொய் சொல்லித் தமீமிடம் கேட்டான்.

“இத்த பட்டறைல வளைக்க முடியாது மாமு. புது டிசைனு. கம்பெனிக்காரன்ட்டதான் கேக்கணும்.”

வேன் விற்ற ஷோரூமில் கேட்டான். கப்பலில் வர வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். எந்தப் பட்டை? அவன் வேலை செய்கிற இடத்திலிருந்து, அவன் கண்ணெதிரே, பெட்டி பெட்டியாக அடைத்துக் கிளம்புகிற பட்டை. ஷோரூமிலிருந்து அந்தத் தொழிற்சாலைக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அது ஏற்றுமதிச் சரக்கு; கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால்தான் அவன் மனைவிக்குக் கிடைக்கும். உள்ளே இருந்து ஒன்றை எடுத்தால் திருட்டு. கேட்டு வாங்கலாமென்றால், எதற்கு என்று கேட்பார்கள்.

எதற்கு என்று சொன்னால் பஞ்ச் போகும், வேலை போகும், ஜெகதீசனும் போவார். வெளிநாட்டு ஆர்டர் நின்றால் முந்நூறு பேர் வீட்டில் உலை கொதிக்காது. இதெல்லாம் அவன் எனக்குச் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. உன்னைத் தேடி ஓடிவந்த அவசரத்தில்தான் செய்தேன் என்று தேவகிருபையிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்தப் பாரத்தில் பாதி அவள் தலையில் ஏறும்.

அதனால் அவன் இவ்வளவுதான் சொன்னான்: “எர்ணாவூர் பாலத்துல கொஞ்சம் மெதுவா போ கிருபை.”

“இன்னா திடீர்னு? ஆக்சிடென்டு ஜோசியமா?” என்று சிரித்தாளாம்.

செவ்வாய்க்கிழமை போனில் இதைச் சொன்னான்; ஷெட்டிலேயே அவன் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு, அவள் குளிக்கப் போகிற நேரத்தில், சுத்தியலை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் போகிறான். இடது பட்டையில் ஒரு தட்டு, வலது பட்டையில் ஒரு தட்டு. அன்றைக்குத் தட்டாமல் விட்டதை இன்றைக்குத் தட்டுகிறான்.

“சத்தம் எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“தெர்ல சார். வண்டில மாட்னப்பறம் எந்த பட்டையும் கணீர்ங்காது. நல்லதும் டொக்குன்றும், கெட்டதும் டொக்குன்றும். ஒரு நாளு நல்லா கீற மாரி கீது. ஒரு நாளு பயமா கீது. உள்ள ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம் சார். எல்லாம் நல்ல பட்டையாக்கூட இருக்கலாம்.”

ஆறே முக்காலுக்கு அவள் சாவியோடு வருகிறாள். அவன் கேட்டைத் திறந்துவிட்டு, வேன் திருப்பத்தில் மறைகிறவரை அங்கேயே நிற்கிறான். மறைந்த பிறகு பாலத்தைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று எண்ணிக்கொண்டு நிற்கிறான். பள்ளிக்கூடம் சேர்ந்ததும் வருகிற அவள் போன் புதன்கிழமை ஐந்து நிமிஷம் தாமதமானதில், பாலத்தை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டான்.

7

சரி, முடிவு. இத்தனை நாளில் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: ‘மூன்று வாரம் கழித்துப் பட்டை வருகிறது. தமீம் மாட்டுகிறான். எபினேசர் பழைய பட்டைகளைக் கொண்டுபோய் எண்ணூர் முகத்துவாரத்தில் எறிகிறான். தண்ணீர் அவற்றை விழுங்’ — அடித்துவிட்டேன். மீதி நூற்றுப் பத்தொன்பது வேன்கள் இருக்கின்றன. அவற்றிலும் யாரோ ஏறுகிறார்கள்.

முடிவு இரண்டு: ‘எபினேசர் நேராக மேனேஜர் அறைக்குப் போகிறான். பஞ்சை மேஜைமேல் வைக்கிறான். எல்லா வண்டியையும் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கடல் தாண்டித் தந்தி பறக்கிறது [தந்தியா? மின்னஞ்சல்]. மேனேஜர் எழுந்து அவன் கையைப் பிடித்து’ — யாரும் யார் கையையும் பிடிக்க மாட்டார்கள். முதலில் செக்யூரிட்டியைத்தான் கூப்பிடுவார்கள். இந்த முடிவை நான் விரும்புகிறேன். எபினேசர் இதைச் செய்வான் என்று எழுத எனக்குத் தைரியம் போதவில்லை. அவன்மேல் சந்தேகமில்லை, என்மேல்தான்.

முடிவு மூன்று: வியாழக்கிழமை. பாலத்து இறக்கம். பக்கத்தில் இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர். பின்னால் ஒரு சத்தம். கடைசி சீட்டில் இரட்டை ஜடை போட்ட

இதை அடிக்கவில்லை. அப்படியே நிறுத்திவிட்டேன். நோட்டை மூடிவைத்தேன். இரட்டை ஜடை என்று ஏன் எழுதினேன் என்று யோசித்தபோதுதான், பென்சில் கோட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

8

‘அந்த வேனை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.’

பொய். அந்த வேன் பாலம் ஏறுவதற்கு முன், காலை ஏழு இருபதுக்கு, என் வீட்டு வாசலில் நிற்கும். பதினாலு பிள்ளைகளில் ஒருத்தி என் மகள் ஆன்சி. ஏழு வயது, இரட்டை ஜடை, கடைசி சீட்டு. ஷெட்டில் அந்த மஞ்சள் நிறத்தையும், பின்கண்ணாடியில் என் மகள் ஒட்டிய மீன் ஸ்டிக்கரையும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தேவகிருபையின் கணவனை மட்டும் நான் பார்த்ததில்லை. அவனும் என்னைப் பார்த்ததில்லை. அவன் டிரம்மில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் மகளும் அதில்தான் போகிறாள் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை அது. திங்கட்கிழமை காலை என் மகளுக்கு ஜுரம் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று நான் சொன்னேன். செவ்வாயும் ஜுரம். புதனும், வியாழனும். அவளை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனால் தேவகிருபை பார்த்துவிடுவாள் என்பதற்காக, நாலு நாள் நல்ல உடம்போடு வீட்டில் உட்காரவைத்தேன். மற்ற பதிமூன்று பேரும் பாலத்தில் ஏறி இறங்கினார்கள்.

எபினேசர் எப்போது வாயைத் திறப்பான் என்று இந்தப் பக்கங்களில் இத்தனை நேரம் துருவிக்கொண்டிருந்தவன் நான்தான். கதை எப்படி முடிகிறது என்று பார்க்கலாம் என்று காத்திருந்தேன். இதை எழுதும்போது எனக்கு அவமானமாக இருக்கிறது. அவன் தினமும் வண்டிக்கு அடியில் போய்த் தட்டியாவது பார்த்தான். நான் என் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டு, மீதியை நோட்டில் எழுதினேன்.

9

இன்று வெள்ளிக்கிழமை. ஏழு இருபது.

வேன் வந்தது தெரியவில்லை. அதற்குத்தான் சத்தமே கிடையாதே. ஹார்ன் கேட்டு வாசலுக்குப் போனேன். தேவகிருபை இறங்கி வந்திருந்தாள். கையில் ஒரு சின்ன தூக்குச்சட்டி.

“பாப்பாக்கு இன்னும் ஜுரம் வுடலயா சார்? நண்டு ரசம் வெச்சேன். சூடா குடுங்க, சளியெல்லாம் எறங்கிடும். அது இல்லாம கடைசி சீட்டே காலியா கீது, இதுங்க தெனம் கேட்டுகினே கீதுங்க.”

தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டேன். ஜன்னலில் பிள்ளைகள் கை ஆட்டின. எனக்குப் பின்னால், திரைச்சீலைக்குள்ளிருந்து, ஜுரமில்லாத என் மகள் பதிலுக்குக் கை ஆட்டினாள். தேவகிருபை அதைப் பார்த்தாள். சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.

“தேவகிருபை,” என்றேன். “சாவிய எடுத்துடும்மா. புள்ளைங்கள எறக்கு.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. வெள்ளத்தில் பிள்ளைகளைக் கூரையில் ஏற்றியவள். முதலில் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகக் கைபிடித்து இறக்கி, என் வீட்டுச் சுவர் ஓரமாக நிற்கவைத்து, தலையை எண்ணி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். நான் சொன்னேன். பட்டை, பதினேழு, நானூற்றுப் பன்னிரண்டு, அந்த டிசம்பர், மீதி நூற்றுப் பத்தொன்பது, எல்லாவற்றையும் வாசலிலேயே சொன்னேன். அவள் வேனின் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். தினமும் காலை ஆறு மணிக்குக் கேட்கிற அந்தத் தட்டல் எலி என்று நினைத்திருந்தாளாம்.

போனை எடுத்தாள். எபினேசரின் பெயரை அழுத்தப்போய், நிறுத்திக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள்.

“அவன்ட்ட அப்பறம் கேட்டுக்கறேன். நீங்க சொல்லுங்க சார். எத்தன நாளா தெரியும் உங்களுக்கு?”

வாசகரே, அவளுக்கு நான் சொன்ன பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டு இருக்கின்றன. நான் சொன்னது ஒன்றுதான். மற்றதை நீங்களே அடித்துவிடுங்கள். இந்தக் கதையில் இத்தனை வாக்கியங்களை அடித்த என்னால் இதை மட்டும் அடிக்க முடியவில்லை.

“இன்னிக்கி காலைலதாம்மா தெரிஞ்சுது.”

“ஆறு நாளா தெரியும்மா.”